பாறையில் டவர் எடுத்த நாட்கள்

என் வேலை என்ன என்று கேட்பவர்களுக்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்களிடம் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி முடித்துக்கொள்வேன். சொந்தக்காரர்களிடம் அது செல்லாது. டவர் கம்பெனி என்ற வார்த்தை காதில் விழுந்தால் போதும், "எங்க வூட்டு மாடில ஒண்ணு வெச்சுக் குடேன், வாடகை வருமாமே" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நான் டவர் கட்டுவதும் இல்லை, அதில் ஏறுவதும் இல்லை. ஒன்றைக் கட்டினால் என்ன ஆகும், கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று கணினியில் முன்கூட்டியே ஓட்டிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. சிமுலேஷன் என்பார்கள். "இதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" என்று எங்கள் பெரியப்பா மகன் ஒருமுறை கேட்டான். சில நாள் எனக்கும் அந்தச் சந்தேகம் வருவதுண்டு.

என் கணினிக்குள் ஒரு தருமபுரி மாவட்டம் இருக்கிறது. மலைகளின் உயரம், ஏரிகளின் பரப்பு, எந்த டவரில் எந்த ஆன்டெனா எந்தப் பக்கம் பார்த்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது வரை எல்லாம் அதில் உண்டு. மாவட்டம் முழுவதையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு பேச்சு நடக்கும், எத்தனை பேர் படம் பார்ப்பார்கள் என்று ஒரு கணக்கு வைத்து, மனிதர்களைப் புள்ளிகளாகத் தூவிவிடுவோம். பிறகு ஓட்டுவோம். சிக்னல் ஒழுங்காகக் கிடைத்த புள்ளி பச்சையாகும், கிடைக்காதது சிவப்பாகும். எதையாவது ஒன்றை மாற்றி மறுபடி ஓட்டுவோம். சிவப்பு எந்த வழியில் அதிகம் குறைகிறதோ அந்த வழியில் கம்பெனி தன் பணத்தைப் போடும்.

பெங்களூரில் ஆபீஸ். ஆனால் நான் காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வீட்டில் இருந்துதான் வேலை பார்த்தேன். அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுக்கொண்டே வந்தது. சரியாக்க முடியாது, வேண்டுமானால் மெதுவாக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா முன்பே போய்விட்டார். இருப்பது நாங்கள் இரண்டு பெண்கள். அக்கா மலைமேல் இருந்தாள். ஆகவே அம்மாவோடு இருக்க வேண்டியவள் நான்தான்.

மலை என்றால் வத்தல்மலை. அதில் பஸ் கடைசியாக நிற்கும் இடத்தையும் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு சின்ன ஊர். அக்கா தருமபுரியில் கல்லூரியில் படித்தபோது, சாமையும் மிளகும் போடும் அந்த ஊர்க்காரர் ஒருவரைப் பிடித்துப்போய், கட்டிக்கொண்டு போய்விட்டாள். அவர்கள் இந்துக்கள். நாங்கள் தலைமுறையாகக் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவக் குடும்பம். கோயில் என்றால் எங்களுக்கு மாதா கோயில். அப்பா ஒரு வாரம் கத்தினார், பிறகு ஆறிவிட்டார். அம்மா கத்தவே இல்லை. அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டது. அக்கா வாசலில் வந்து நின்றால் உள்ளே போய் அடுப்பைப் பார்க்கும். எங்கள் அம்மாவின் பிடிவாதத்தை உரலில் போட்டு இடித்தாலும் பொடியாகாது. அப்படியே வருஷங்கள் போயின.

அந்தப் பிடிவாதம் உடைந்த சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா இறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அம்மா வழக்கம்போல் விளக்கைப் போட்டுவிட்டு, மாதா படத்துக்கு முன்னால் செபமாலையோடு உட்கார்ந்திருந்தது. செபமாலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு மணிக்கும் ஒரு மந்திரம், பத்துப் பத்து மணியாக ஐந்து பகுதி, ஒவ்வொரு பகுதிக்கும் தேவரகசியம் என்று பெயர். மந்திரத்தின் முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியை மற்றவர் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் முதல் பாதி எப்போதும் அம்மாவுடையது, மறுபாதி சின்ன வயதிலிருந்து அக்காவுடையது. அக்கா போனபின் அம்மா இரண்டு பாதியையும் தானே சொல்லிக்கொண்டது. எனக்கு இதில் எல்லாம் சிரத்தை கிடையாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கணினியைத் தட்டிக்கொண்டிருப்பேன்.

அன்று நடுவில் போன் அடித்தது. அக்கா. நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அம்மாவின் மடியில் வைத்துவிட்டேன். வேண்டுமென்றே செய்தேன்; எனக்கும் இந்த ஊமை நாடகம் சலித்துப்போயிருந்தது. அம்மா என்னை ஒரு முறை முறைத்தது. போனை எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. அடுத்த மணியின் முதல் பாதியைச் சொன்னது. சொல்லிவிட்டு நிறுத்தியது. மலையிலிருந்து அக்கா மறுபாதியைச் சொன்னாள். அப்படியே கடைசி மணி வரைக்கும் போனது. முடிந்ததும் அம்மா, "வெச்சர்றேன்" என்றது. அவ்வளவுதான் அவர்கள் சமாதானம். கல்யாணத்தைப் பற்றியோ கழிந்த வருஷங்களைப் பற்றியோ அதற்குப் பிறகும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆனால் தினமும் சாயங்காலம் அந்தப் போன் வந்தது.

அக்காவின் வீட்டில் டவர் எடுக்காது. அந்த ஊரில் யார் வீட்டிலும் எடுக்காது. ஊரைத் தாண்டி மேட்டில் ஏறினால் சமவெளியைப் பார்த்தபடி ஒரு பெரிய பாறை இருக்கிறது. அடிவாரத்து டவரின் சிக்னல் அந்தப் பாறையில் மட்டும் வந்து விழும். ஊரே பேசுவதற்கு அங்கேதான் வரும். ஓசூருக்கு வேலைக்குப் போன மகனோடு பேசுபவர்கள், மாரண்டஹள்ளி மண்டியில் பீன்ஸ் என்ன விலை என்று கேட்பவர்கள், எல்லாரும் சாயங்காலம் பாறையில் ஆளுக்கொரு திசை பார்த்து நின்று கத்திக்கொண்டிருப்பார்கள். அக்கா அதன் ஓரத்தில் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

அந்தச் சிக்னலும் உருப்படியானது இல்லை. செபத்தின் நடுவில் எத்தனையோ முறை அறுந்துவிடும். முதலில் அம்மா பதறும், "ஹலோ ஹலோ" என்று போனைக் குலுக்கும். பிறகு இருவரும் தாமாக ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார்கள். அறுந்தாலும் அம்மா நிறுத்தாது. தன் பாதியைச் சொல்லிவிட்டு, அக்கா சொல்லி முடிக்கும் அளவுக்கு இடம் விட்டு, அடுத்த மணிக்குப் போகும். அங்கே பாறையில் அக்காவும் அம்மாவின் பாதிக்கு இடம் விட்டுத் தன் பாதியைச் சொல்வாள். மறுபடி லைன் கிடைக்கும்போது பெரும்பாலும் இருவரும் ஒரே மணியில் இருப்பார்கள். ஒன்றிரண்டு முன்னே பின்னே போயிருந்தால் அம்மா நின்று காத்திருக்கும். எங்கள் தொழிலில் தொலைந்துபோன தகவலை மீட்க என்னென்னவோ செய்கிறோம். அம்மாவிடம் சொன்னால், "நீ உன் வேலையப் பாரு கண்ணு" என்று சிரிக்கும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மாவட்டம் என் மேஜைக்கு வந்தது. போன் கம்பெனி இங்கே நெட்வொர்க்கை மேம்படுத்தப்போகிறது. மூன்று வழிகள் இருக்கின்றன. எது நல்லது என்று ஓட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் வழி, இருக்கிற டவர்களில் பழைய கருவிகளைக் கழற்றிவிட்டுப் புதிய தலைமுறைக் கருவிகளை மாட்டுவது. இரண்டாவது, பழையதையே வைத்துக்கொண்டு இன்னொரு அலைவரிசையைச் சேர்ப்பது. மூன்றாவது, மலைமேல் புதிதாக ஒரு டவர் வைத்துவிட்டு, அடிவாரத்து ஆன்டெனாக்களைக் கீழே சாய்ப்பது. அவை மலையை அண்ணாந்து பார்க்கும் வேலை மிச்சமாகும், சமவெளியும் தெளிவாகும். எனக்கு மூன்றாவது வழி ஜெயிக்க வேண்டும். காரணத்தை ஒளிக்கவில்லை. அம்மாவின் மூச்சு நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது. அது அடங்குவதற்குள் அக்காவின் வீட்டுக்குள் டவர் எடுக்க வேண்டும். மழையோ பனியோ அவள் பாறைக்கு ஓடாமல், அம்மா கூப்பிட்டால் எந்த நேரமும் எடுக்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

ஓட்டிப் பார்த்தால் மூன்றாவது வழி கடைசியில் வந்து நின்றது. ஏன் என்று பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. புள்ளிகளைத் தூவ நாங்கள் எடுத்துக்கொள்வது, இப்போது எங்கே எவ்வளவு பேச்சு நடக்கிறது என்ற பதிவை. டவர் எடுக்காத ஊரில் பேச்சே நடக்காது. ஆகவே அங்கே புள்ளியே விழாது. என் மலையில் வீடுகள் இருந்தன, வீடுகளில் மனிதர்கள் இல்லை. ஆனால் வீடே இல்லாத ஒரு பாறையில் மட்டும், சாயங்காலம் மட்டும், ஒரு கூட்டம் நின்றது. பாறையில் ஏற்கெனவே சிக்னல் இருப்பதால் அந்தப் புள்ளிகளில் பாதிக்கு மேல் பச்சை. மலையில் பெரிய குறை இல்லை, டவர் எதற்கு என்றது கணினி.

என் மேலாளர் பெங்களூர்க்காரர், கன்னடம் கலந்த தமிழில் பேசுவார். கெட்டவர் இல்லை. பாறைக் கூட்டத்தைக் காட்டினேன். "டேட்டா எரர் இரபேகு, எரராத்தான் இருக்கணும், எடுத்துடும்மா" என்றார்.

"எரர் இல்லீங்க சார். அதுல ஒருத்தி எங்க அக்கா."

நான் பாறையிலிருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்து வீடுகளுக்குள் வைத்து மறுபடி ஓட்டிக் காட்டினேன். அக்காவின் வீடு எது என்று எனக்குத் தெரியும். அதில் ஒன்றைத் தனியாக வைத்தேன். மலை முழுவதும் சிவந்துபோனது. மூன்றாவது வழிக்கு மாற்றி ஓட்டினால் அத்தனையும் பச்சையானது. அடிவாரத்திலும் சிவப்பு வெகுவாகக் குறைந்தது. வேறு மலைகளிலும் இப்படிப் பாறைகள் இருக்கின்றனவா என்று மேலாளர் பார்க்கச் சொன்னார். இருந்தன. சில வாரம் இழுபறிக்குப் பிறகு கம்பெனி மூன்றாவது வழிக்கே ஒப்புக்கொண்டது.

அடுத்த சந்தை நாளில் அக்கா பீன்ஸ் மூட்டையோடு காரிமங்கலத்துக்கு இறங்கி வந்தாள். விற்றுவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவின் தலையை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். நான் பெருமையாகச் சமாச்சாரத்தைச் சொன்னேன். குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"வூட்டுக்குள்ளயே எடுக்குமா?" என்றாள்.

"அடுப்படில நின்னுட்டே பேசலாம்."

"பாறைல இருக்கறது போயிடாதில்ல பாப்பா?"

"வூட்லயே வரப்போவுது, அப்பறம் பாறை எதுக்கு உனக்கு? பாம்போட குடித்தனம் பண்ணவா?"

அக்கா சீப்பில் சிக்கிய முடியை எடுத்துச் சுருட்டினாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "அவளுக்குப் பாறை புடிச்சிருக்குது, உடு" என்றது. பிறகு அக்கா, மாடு கறக்கணும், பஸ் போயிடும் என்று கிளம்பிவிட்டாள். இவர்களுக்கு நல்லது செய்தால் இப்படித்தான் என்று நான் மனத்துக்குள் முணுமுணுத்துக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எந்த வழியை ஒப்பிட்டாலும், அந்த வழி முழுக்கக் கட்டி முடிந்தபின் எப்படி இருக்கும் என்றுதான் ஓட்டிப் பார்ப்போம். இன்றைய படம் ஒன்று, முடிந்தபின் வரும் படம் ஒன்று. நடுவில் இருக்கும் மாதங்களை யாரும் ஓட்டுவதில்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் ஓட்டியதில்லை, நான் சொல்லிக்கொடுத்தவர்களும் ஓட்டுவதில்லை. அந்த மாதங்களிலும் மனிதர்கள் இருப்பார்கள் என்பது எங்கள் படங்களில் எங்குமே இல்லை.

மலைமேல் டவர் வைக்க அனுமதி வாங்க வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் இரும்பு ஏற வேண்டும். மழை விட வேண்டும். அடிவாரத்து ஆன்டெனாவைச் சாய்க்க ஒரு ஆள் ஏறித் திருகினால் போதும். களத்தில் வேலை செய்பவர்கள் சுலபமானதை முதலில் முடித்தார்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அன்று சாயங்காலம் அம்மா விளக்கைப் போட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. போன் வரவில்லை. நான் கூப்பிட்டுப் பார்த்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி மறுபடி அதையே சொன்னது. கணினியைத் திறந்து பார்த்தேன். அடிவாரத்து ஆன்டெனாவின் சாய்வு மாறியிருந்தது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "பாறைல டவர் இல்லம்மா, கொஞ்ச நாளைக்கு" என்றேன்.

அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது. "நேரம் ஆச்சு. அவ ஆரம்பிச்சிருப்பா" என்றது.

அணைந்த போனை மடியில் வைத்தபடியே செபத்தை ஆரம்பித்தது. தன் பாதியைச் சொன்னது, இடம் விட்டது, அடுத்ததற்குப் போனது. எனக்குத் தாங்கவில்லை. எனக்கும் தெரிந்த மந்திரம்தானே என்று, அம்மா விட்ட இடத்தில் மறுபாதியை நான் சொல்ல ஆரம்பித்தேன். அம்மா கையைத் தூக்கி நிறுத்தியது.

"அது அவ பாதி."

அதட்டலாகக்கூடச் சொல்லவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன். அதன் பிறகு அந்த இடத்துக்குள் நான் போகவே இல்லை.

மேலாளரிடம் சண்டை போட்டேன். ஆன்டெனாவை மறுபடி தூக்கச் சொல்லுங்கள், மலை டவர் வந்தபின் சாய்த்துக்கொள்ளலாம் என்று கேட்டேன். அவரும் கேட்டுப் பார்த்தார். சாய்த்ததில் சமவெளியில் புகார்கள் குறைந்துவிட்டன, இனித் தூக்க முடியாது என்று பதில் வந்தது. "கொஞ்ச நாள்தானேம்மா, டவர் வந்துடும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. டவர் வரத்தான் போகிறது. அம்மாவிடம் அந்தக் கொஞ்ச நாள் இருக்கிறதா என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த சந்தை நாளில் அக்கா வந்தபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "சொல்றயா?" என்பது.

"சொல்றேம்மா. பாறைலதான்."

"நேரத்துக்கா?"

"நேரத்துக்குத்தான்."

அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. வாசலில் அக்காவைப் பிடித்துக்கொண்டு, டவர்தான் எடுப்பதில்லையே, வீட்டிலேயே உட்கார்ந்து சொன்னால் என்ன, எதற்காக மேடேறிப் பாறைக்குப் போகிறாய் என்று எரிந்து விழுந்தேன். எனக்கு யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "அந்த வூட்ல அவங்க சாமி பாப்பா. நான் பொட்டு வெச்சு, வெளக்கு வெக்கறேன். யாரும் என்னய எதுவும் சொன்னதில்ல, மாமாவுக்குத் தெரியும். ஆனா அங்க இதச் சொல்ல எனக்கு வாய் வரல. பாறைதான் நம்ம வூடு எனக்கு."

நான் வெகு நேரம் வாசலிலேயே நின்றிருந்தேன். பாறைக் கூட்டத்தை ஒவ்வொரு புள்ளியாக எடுத்து வீட்டுக்குள் வைத்தபோது, மற்றவர்கள் விஷயத்தில் நான் செய்தது சரி. ஓசூர் மகனோடு பேச எந்த அம்மாவும் பாறை ஏற வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் பாறைக்காகவே பாறைக்கு வந்த புள்ளி ஒன்று இருந்தது. அது என் அக்கா என்பது கணினிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மழைக்காலம் வந்தது. அம்மாவால் படுக்க முடியவில்லை, சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கியது. ஒரு மந்திரத்தின் பாதியைச் சொல்வதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கியது. முன்பு அரை மணி நேரத்தில் முடியும் செபம் இழுத்துக்கொண்டே போனது. "இவ்ளோ மெதுவா சொன்னா அக்கா முன்னாடி போயிடுவாளே" என்று ஒருநாள் கேட்டேன். "அவளுக்குத் தெரியும் என் மூச்சு" என்றது.

கடைசிச் சாயங்காலத்தில் வேறுபாடாக எதுவும் இல்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வேறு ஏதோ மாவட்டத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். அம்மா மூன்றாவது தேவரகசியத்தில் இருந்தது. அந்தப் பத்தில் நாலாவது மணியில் முதல் பாதியைச் சொல்லிவிட்டு இடம் விட்டது. அக்காவின் பாதிக்கான இடம். வழக்கமாகவே நீளமாகிவிட்டதால் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அது நீண்டுகொண்டே போனது. நிமிர்ந்தபோது அம்மாவின் விரல் அதே மணியில் இருந்தது, கண்கள் பாதி திறந்திருந்தன. கூப்பிட்டேன், பேச்சு இல்லை. மூச்சு மட்டும் இருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. தருமபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அம்மா அதற்குப் பிறகு கண் விழிக்கவில்லை. விடிவதற்குள் போய்விட்டது.

அக்காவுக்குச் சொல்ல எனக்கு வழி இல்லை. மாவட்டத்தில் எந்த மூலையில் யாருக்கு எவ்வளவு சிக்னல் என்று விரல் நுனியில் வைத்திருந்த நான், மலையடிவாரத்து டீக்கடைக்குப் போன் போட்டு, முதல் பஸ் டிரைவரிடம் சொல்லி அனுப்பச் சொன்னேன். அவர் பஸ்ஸைக் கடைசி நிறுத்தத்தில் விட்டுவிட்டு அக்கா வீடு வரைக்கும் நடந்துபோய்ச் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை என்றுதான் சொன்னாராம். அக்கா மாமாவோடு வந்து இறங்கியபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு. அம்மாவின் கையிலிருந்த செபமாலையைச் சரி செய்தாள், புடவை முந்தியை இழுத்துவிட்டாள். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு மலைக்குத் திரும்பிவிட்டாள்.

மலை டவர் மழைக்காலம் முடிந்து வந்தது. கம்பெனியில் எல்லாருக்கும் சந்தோஷம். நான் ஓட்டிக் காட்டிய படமும் நேரில் அளந்த படமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்திருந்தன. மேலாளர் வீடியோ மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டினார். வணக்கம் சொல்லிவிட்டுக் கேமராவை அணைத்துவிட்டு அழுதேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனேன். அக்காவின் வீட்டு அடுப்படியில் நின்று என் போனைப் பார்த்தேன், சிக்னல் கோடுகள் நிறைந்திருந்தன. மாமா காப்பிக் கொட்டை காயவைத்திருந்த களத்தில் உட்கார்ந்து மண்டிக்காரரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதான் டவர் கொண்டாந்தயாமா? நல்லா இருப்ப சாமி" என்றார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

சாயங்காலம் அக்கா, "வா" என்று மட்டும் சொல்லிவிட்டு மேட்டில் ஏறினாள். பின்னாலேயே போனேன். பாறையில் யாரும் இல்லை. ஊரே பேச வந்த இடத்தில் ஆட்டுப் புழுக்கை கிடந்தது. போனைப் பார்த்தேன், ஒரு கோடு கூட இல்லை. புதிய டவருக்கும் பாறைக்கும் நடுவில் மேடு மறைக்கிறது. அடிவாரத்து ஆன்டெனா இப்போது கீழே பார்க்கிறது. எங்கள் படத்தில் அந்தக் கட்டம் சிவப்பாகக்கூட இல்லை. வீடு இல்லாததால் புள்ளி இல்லை, புள்ளி இல்லாததால் நிறமும் இல்லை.

அக்கா தன் பள்ளத்தில் உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து அம்மாவின் பழைய செபமாலை ஒன்றை எடுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே அடிவாரத்தில் விளக்குகள் எரிய ஆரம்பித்தன.

"அம்மா எதுல நிறுத்துச்சு பாப்பா?" என்று கேட்டாள்.

இத்தனை நாள் அவள் கேட்காத கேள்வி. "மூணாவது தேவரகசியம். நாலாவது மணி."

"அது பாதியச் சொல்லிடுச்சா?"

"சொல்லிடுச்சு. உனக்கு எடம் உட்டுட்டுதான்..."

அக்கா தலையை ஆட்டினாள். "அன்னிக்கு மழைன்னு நான் சீக்கிரம் எறங்கிட்டேன். ரெண்டாவதோட" என்றாள். குரலில் அழுகை இல்லை. "அப்ப என் பாதி நிக்குது."

விரலால் மணிகளைத் தள்ளிக்கொண்டே போய் அந்த மணியைப் பிடித்தாள். மறுபாதியைச் சொன்னாள். மெதுவாக, அம்மாவின் கடைசி நாள் மூச்சுக்கு ஏற்ற வேகத்தில் சொன்னாள். முடித்துவிட்டு அடுத்த மணிக்கு விரலை நகர்த்தி, அம்மாவின் பாதிக்கு இடம் விட்டாள்.

அந்த இடம் நீண்டது. வீட்டில் அன்று உட்கார்ந்திருந்தது போலவே நான் உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவையாவது சொல்லிவிட வேண்டும் என்று முதல் பாதியைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

அக்கா கையைத் தூக்கி என்னை நிறுத்தினாள்.

"அது அம்மா பாதி" என்றாள்.

நாங்கள் இரண்டு பேரும் காத்திருந்தோம்.